சிறுவன் சிந்திய கண்ணீர் யார் சொத்து?

வரப்புக்காக வழக்கு நடந்ததுண்டு. வாய்க்காலுக்காக வழக்கு நடந்ததுண்டு. அரியணைக்காகவும் அண்ணனும் தம்பியும் வழக்காடியதுண்டு. ஆனால் அழுது சம்பாதித்த பணத்துக்குக் கணக்குக் கேட்டு, பெற்ற தாயின் மீதே ஒரு மகன் தொடுத்த வழக்கை உலகம் அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. 1938-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவ்வழக்கு எழுந்தது. வழக்குத் தொடுத்தவன் இருபத்துமூன்று வயது வாலிபன். அவன் பெயர் ஜாக்கி கூகன்.

ஒரு காலத்தில் அந்தப் பெயரை அறியாத நாடில்லை. சார்லி சாப்ளின் எடுத்த ‘தி கிட்’ என்னும் ஊமைப் படத்தில், தொளதொளத்த காற்சட்டையும் பெரிய தொப்பியும் அணிந்து, நாடோடியின் கையைப் பற்றிக் கொண்டு நடந்த சிறுவன் அவனே! உலகத்தை அழவைத்தவன், சிரிக்கவும் வைத்தவன். அவனுடைய அழுகை கொட்டகை கொட்டகையாகப் பணமாயிற்று. அந்தப் பணம் எங்கே போயிற்று என்று அவன் கேட்டபோது, தாயும் மாற்றாந்தந்தையும் சொன்ன மறுமொழி என்ன? அவன் வேலையா செய்தான்? படப்பிடிப்புக் கருவியின் முன் விளையாடினான், மகிழ்ந்தான், அவ்வளவுதான் என்பது அவர்கள் வாதம். அவனுக்கு எதையேனும் தருவதாக எவரும் வாக்களித்ததுமில்லை என்றார் தாய்.

கலைத் திறனாய்வு எழுத வந்தவர்களுக்கு வழக்கு மன்றத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது! வாதத்தின் அடியைத் தோண்டிப் பாருங்கள். அந்தச் சிறுவன் திரையில் செய்தது என்ன? விளையாட்டா, உழைப்பா? குழந்தைத்தனமா, கலையா? இந்தக் கேள்விக்குச் சட்ட நூலைப் புரட்டினால் விடை வராது. படத்தைப் பார்த்தால்தான் வரும். ஆகவே படத்தைப் பார்ப்போம்.

ஜாக்கி பிறந்தது 1914-ஆம் ஆண்டு அக்டோபர் 26-ஆம் நாள். பெற்றோர் இருவரும் மேடைக் கலைஞர். தந்தை ஆட்டக்காரர். வித்தையும் பாட்டும் ஆட்டமும் கலந்து ஊர் ஊராகச் செல்லும் கூத்துக் குழுக்கள் அந்நாள் அமெரிக்காவில் பல. அவற்றில் அவர் ஆடினார். ஆட்டம் முடியும் தறுவாயில் நான்கு வயது மகன் மேடைக்கு வந்து, தந்தையைப் போலவே இரண்டு அடி எடுத்து வைப்பான். கொட்டகை ஆர்ப்பரிக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் ஆர்ப்பியம் அரங்கில் 1919-ஆம் ஆண்டு அதனைக் கண்டவர்களுள் சாப்ளினும் ஒருவர்.

சாப்ளின் அப்போது எந்நிலையில் இருந்தார்? அவருடைய முதற் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே இறந்தது அவ்வாண்டு ஜூலையில்தான். அவரோ லண்டன் லாம்பெத் பகுதியின் வறுமையில் வளர்ந்தவர். தாயைப் பிரிந்து ஏழை விடுதியிலும், ஆதரவற்ற சிறார்க்கான ஹான்வெல் பள்ளியிலும் நாட்களைத் தள்ளியவர். பறிகொடுத்த பிள்ளையின் நினைவும், பறிபோன தம் பிள்ளைப் பருவத்தின் நினைவும் நெஞ்சில் கனத்திருந்த வேளையில் இந்தச் சிறுவன் கண்ணில் பட்டான். ‘எ டேஸ் பிளஷர்’ என்னும் சிறு படத்தில் முதலில் தலைகாட்ட வைத்தார். பிறகு ‘தி கிட்’ தொடங்கிற்று. 1919-இல் தொடங்கிய படப்பிடிப்பு 1920-இல்தான் முடிந்தது. படம் 1921-ஆம் ஆண்டு தொடக்கத்தில் வெளிவந்தது. ஆறு சுருள் நீளமுள்ள படம். சாப்ளின் இயக்கிய முதல் முழுநீளப் படம் அதுவே.

கதை எளியது. ஓர் ஏழைப் பெண் தருமமருத்துவமனையிலிருந்து கைக்குழந்தையோடு வெளிவருகிறாள். வளர்க்க வழியில்லை. செல்வர் ஒருவரின் காரில் குழந்தையைக் கிடத்திவிட்டு ஓடுகிறாள். காரைத் திருடியவர்கள் குழந்தையைச் சந்தின் குப்பையோரம் விட்டுச் செல்கின்றனர். அவ்வழியே வந்த நாடோடி, முதலில் தட்டிக்கழிக்கப் பார்த்து, முடியாமல் போகவே எடுத்து வளர்க்கிறான். ஐந்தாண்டு ஓடுகிறது. இருவருக்கும் ஒரு தொழில் வாய்க்கிறது. பையன் கல்லெறிந்து வீட்டுச் சன்னல்களை உடைப்பான். சற்று நேரத்தில் கண்ணாடியை முதுகில் சுமந்தபடி நாடோடி அவ்வழியே ‘தற்செயலாக’ வருவான்!

இந்தச் சன்னல் காட்சியைக் கண்டு சிரிக்காதவர் இலர். சிரித்து முடித்தபின் சற்றுச் சிந்திப்போம். கல்லை ஓங்கிய கையைப் பின்னால் இழுக்கிறான் சிறுவன். கை எதன் மீதோ படுகிறது. பின்னே காவலர் நிற்கிறார். உடனே என்ன செய்கிறான்? கல்லை மேலே தூக்கிப் போட்டுப் பிடித்து, ஏதோ பந்தாட வந்தவன் போல் பாசாங்கு செய்கிறான். பிறகு மெல்லக் கல்லை நழுவவிட்டு நழுவுகிறான். அச்சம், தந்திரம், அப்பாவித்தனம் என மூன்றும் ஒரே முகத்தில், ஒன்றன்பின் ஒன்றாக, எண்ணி வைத்தாற்போல் வருகின்றன. விளையாடுகின்ற பிள்ளைக்கு இந்தக் காலக்கணக்கு வருமா? வாராது. சொல்லிக் கொடுத்ததைக் கேட்டு, செய்து காட்டியதைக் கண்டு, திரும்பத் திரும்பச் செய்து, பிறகு அது சொல்லிக் கொடுத்ததென்று தெரியாதபடி செய்து காட்டுவதற்குப் பெயர் நடிப்பு. அதனை ஐந்து வயதில் செய்தான் கூகன்.

காலைச் சிற்றுண்டிக் காட்சியையும் பாருங்கள். சிறுவன் அடுப்பருகே நின்று மாவை வார்த்து அப்பம் சுடுகிறான். நாடோடியோ கிழிந்த போர்வைக்குள் படுத்துக் கிடக்கிறான். போர்வையின் ஓட்டையில் தலையை நுழைத்தால் அதுவே அரசர் அணியும் அங்கியாகிவிடுகிறது! சிறுவன் அதட்டுகிறான், பெரியவன் எழுந்து வருகிறான். யார் தந்தை, யார் மகன் என்று மயங்குமளவுக்குப் பொறுப்பு இடம் மாறிக் கிடக்கிறது. பிறகு அப்பங்களை எண்ணிச் சரிபாதியாகப் பங்கிடுகிறான் நாடோடி. இருவரும் சேர்ந்து சம்பாதித்தது; இருவருக்கும் சமபங்கு. இந்தப் பங்கீட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

அடுத்து, படத்தின் உயிர்நிலை. சிறுவன் நோயுறுகிறான். வந்த மருத்துவர், பெற்ற தந்தை நீதானா என்று நாடோடியைக் கேட்கிறார். நாடோடி திணறுகிறான்; தந்தை மாதிரிதான் என்கிறான். செய்தி அதிகாரிகளின் செவிக்கு எட்டுகிறது. அநாதை விடுதியின் வண்டி வருகிறது. சிறுவனைப் பற்றி இழுத்து வண்டியில் ஏற்றுகின்றனர். அவன் கைகளை நீட்டிக் கதறுகிறான். சொல் இல்லை, குரல் இல்லை; படமோ ஊமைப் படம். எனினும் அந்தக் கதறல் காதில் விழுகிறது! நாடோடி கூரை மேல் ஏறி, ஓடு தாண்டி, வீடு தாண்டி ஓடி, வண்டிக்குள் குதித்து, பிள்ளையை அள்ளி அணைக்கிறான். இருவர் உதடும் நடுங்குகின்றன. நூறாண்டு கடந்தும் இக்காட்சியின் முன் கல்நெஞ்சும் கரையக் காண்கிறோம்.

அந்தக் கண்ணீர் வந்த கதையைச் சாப்ளினே தம் வாழ்க்கை வரலாற்றில் சொல்லியிருக்கிறார். சிறுவன் அன்று உற்சாகமாக இருந்தானாம். எவ்வளவு சொல்லியும் அழுகை வரவில்லை. அழவைக்கும் பொறுப்பைத் தந்தை ஏற்றார். மகனைத் தனியே அழைத்துச் சென்றார். இந்தக் காட்சியில் நீ அழாவிட்டால் உன்னை இங்கிருந்து கொண்டுபோய் உண்மையான ஏழை விடுதியிலேயே விட்டுவிடுவார்கள் என்றார். சிறுவன் வெடித்து அழுதான். படமெடுத்து முடிந்ததும் சாப்ளின் மனம் பொறாமல் அவனைத் தூக்கி வைத்துத் தேற்றினார். அப்போது அந்தச் சிறுவன், அப்பா சும்மா சொன்னார் என்பது தனக்குத் தெரியும் என்று காதோடு சொன்னானாம்.

இதனைச் சுவையான கதையென்று கூறிச் செல்வோர் உண்டு. நாம் அவ்வாறு சென்றுவிட முடியாது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். தந்தையின் மிரட்டலைச் சிறுவன் நம்பினான் எனில், திரையில் நாம் காண்பது ஒரு குழந்தையின் மெய்யான அச்சம். அதை விற்றுத்தான் கொட்டகை நிறைந்தது. நம்பவில்லை எனில், மிரட்டலைச் சாக்காக வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் வேண்டிய கண்ணீரை வரவழைத்த பெருங்கலைஞன் அவன். முன்னது துன்பம், பின்னது தொழில். விளையாட்டு என்பதற்கு இந்த இரண்டிலும் இடமேயில்லை! தாயின் வாதம் படத்தின் முன் நிற்கவில்லை.

படம் வெளிவந்தது, பையன் உலகப் புகழ் பெற்றான். 1921-இல் ‘பெக்ஸ் பேட் பாய்’, 1922-இல் சார்லஸ் டிக்கன்ஸ் படைத்த ‘ஆலிவர் ட்விஸ்ட்’, 1923-இல் ‘டாடி’, ‘சர்க்கஸ் டேஸ்’, 1924-இல் ‘எ பாய் ஆஃப் பிளாண்டர்ஸ்’ என்று அடுத்தடுத்துப் படங்கள். பெரும்பாலும் ஒரே அச்சு. தாயற்றவன், தந்தையற்றவன், தெருவில் திரிபவன், பசித்தவன். கிழிசல் உடைதான் அவனுக்கு முதலீடு! அந்தக் கிழிசலை விற்றுப் பட்டு வாங்கினர் பலர். அவன் பெயரால் பொம்மைகள் வந்தன, ஊதல்கள் வந்தன, எழுதுதாள் வந்தது, நிலக்கடலை வெண்ணெய் டப்பாவிலும் அவன் முகம் சிரித்தது.

நல்ல செயலுக்கும் அந்த முகம் பயன்பட்டது என்பதை மறைக்கலாகாது. முதல் உலகப் போரின் அழிவில் வீடிழந்து வாடிய ஆர்மீனிய, கிரேக்க ஏதிலிக் குழந்தைகளுக்காக 1924-ஆம் ஆண்டு அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அவன் சுற்றினான். பத்து இலட்சம் டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள உணவும் உடையும் பிறவும் சேர்ந்தன. ரோமாபுரியில் போப்பாண்டவர் பதினொன்றாம் பயஸ் அவனைப் பாராட்டினார். பத்து வயதுகூட நிரம்பாத சிறுவன், ஊரார் பிள்ளைகளின் பசிக்குக் கை நீட்டிப் பெற்றுத் தந்தான். அவனுடைய சொந்தச் சேமிப்புக்குக் காவல் நிற்க மட்டும் எந்தக் கையும் நீளவில்லை.

அவன் சம்பாதித்ததை 30 முதல் 40 இலட்சம் டாலர் வரை கணக்கிடுகின்றனர். அந்நாள் டாலர்! அவன் கைச்செலவுக்கு வீட்டில் கொடுத்தது வாரத்துக்கு ஆறேகால் டாலர்.

காலம் எவரையும் விடுவதில்லை. குழந்தை நடிகரைச் சிறிதும் விடுவதில்லை. பெரிய நடிகனுக்கு முதுமை வந்தால் தந்தை வேடம் உண்டு. குழந்தை நடிகனுக்கு வளர்ச்சியே வேலை நீக்க ஓலை! அவனுடைய அடையாளமாக இருந்த நீண்ட தலைமுடியை வெட்டுவதையே பெயராக வைத்து 1927-இல் ஒரு படம் எடுத்தனர். முடி போயிற்று, மழலை போயிற்று. பேசும் படம் வந்தபின் 1930-இல் ‘டாம் சாயர்’, 1931-இல் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ ஆகியவற்றில் நடித்தான். பிறகு அழைப்புகள் குறைந்தன.

1935-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், தந்தையோடும் நண்பர்களோடும் சென்ற கார் கலிபோர்னியாவின் மலைப்பாதையில் விபத்துக்குள்ளானது. தந்தை இறந்தார். மேற்கண்ட இரு படங்களிலும் உடன் நடித்த இளைஞர் ஜூனியர் டர்க்கின் இறந்தார். காரில் சென்றவர்களில் உயிரோடு மீண்டவன் ஜாக்கி ஒருவனே. அவனுக்கு இருபத்தொரு வயது நிறைய அப்போது ஐந்து திங்களே இருந்தன. தந்தை இருந்தவரை பணத்தைப் பேணினார் என்பது பலர் கருத்து. பேணினார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் ஒரு மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பி நின்ற காப்பு, அந்த மனிதரோடு மண்ணுக்குள் போயிற்று. குடும்பத்தின் பணக்கணக்கைப் பார்த்து வந்த ஆர்தர் பெர்ன்ஸ்டீன் என்பாரைத் தாய் பின்னர் மணந்தார். மகன் வயது வந்தபின் தன் பணத்தைக் கேட்டான். இல்லை என்றனர். உயர்ந்த மென்மயிர் ஆடைகள், வைர நகைகள், விலை மிகுந்த கார்கள் என்று பணம் பறந்திருந்தது.

இவ்வளவையும் படித்துத் தாயைத் தூற்றுவது எளிது. தூற்றிவிட்டுத் தூங்கப் போவது அதனினும் எளிது. ஆனால் உண்மைக் குற்றவாளி கூண்டுக்கு வெளியே நின்றது. அந்நாளைய கலிபோர்னியாச் சட்டம் என்ன சொல்லிற்று? வயது வராத பிள்ளை ஈட்டும் கூலி பெற்றோரைச் சேரும் என்றது! பண்ணையில் மாடு மேய்க்கும் பிள்ளையும், பட்டறையில் துருத்தி ஊதும் பிள்ளையும் வீட்டுக்கு நாலு காசு கொண்டு வந்த காலத்தில் பிறந்த விதி அது. சோறு போட்டவன் கூலியைப் பெறட்டும் என்பது அதன் நியாயம். ஒரு பிள்ளையின் முகம் ஆயிரம் ஊர்களில் ஒரே இரவில் விலைபோகும் காலம் வருமென்று அந்த விதியை எழுதியவர் கனவிலும் கண்டிருக்க மாட்டார். மாடு மேய்த்த கூலிக்கு எழுதிய விதியைக் கோடி பேர் கண்ணீருக்கும் பொருத்தினர். தாய் செய்தது அன்பற்ற செயல் எனலாம். சட்டத்துக்குப் புறம்பான செயல் என்று சொல்ல வழியில்லாதிருந்தது. அதுதான் பெருங்கொடுமை!

வழக்கு 1939-இல் முடிந்தது. எஞ்சியிருந்த சொத்து ஏறத்தாழ இரண்டரை இலட்சம் டாலர். அதில் ஜாக்கிக்குக் கிடைத்தது 1,26,000 டாலர். முப்பது இலட்சம் சம்பாதித்தான் என்ற குறைந்த கணக்கையே எடுத்துக்கொண்டாலும், நூற்றுக்கு நாலரை கூட வரவில்லை! அப்பத்தைச் சரிபாதியாய்ப் பங்கிட்ட நாடோடியை நினைவில் வைக்கச் சொன்னோமல்லவா? திரையில், பெறாத தந்தை பாதி கொடுத்தான். வாழ்க்கையில், பெற்ற குடும்பம் கொடுத்த கணக்கு இது. கூகன் கையில் பணமின்றி நின்ற நாளில் சாப்ளினிடம் சென்றதாகவும், அவர் தயங்காமல் ஆயிரம் டாலர் கொடுத்ததாகவும் சொல்வர்.

வழக்கு கிளப்பிய கொதிப்பு வீண்போகவில்லை. 1939-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் குழந்தை நடிகர் சட்டம் வந்தது. மக்கள் அதற்கு வைத்த பெயர் ‘கூகன் சட்டம்’. நீதிமன்றத்தின் முன் ஒப்பந்தம் வரும்போது, குழந்தையின் ஊதியத்தில் ஒரு பகுதியை, பாதிவரையிலும்கூட, தனியே வைக்கும்படி நீதிபதி ஆணையிடலாம் என்றது அது. யாருக்கு நேர்ந்த கொடுமையால் சட்டம் பிறந்ததோ, அவனுக்கு அச்சட்டத்தால் ஒரு காசும் பயன் இல்லை. வெள்ளம் வடிந்தபின் கட்டிய அணை!

அந்த அணையிலும் ஓட்டைகள். ‘வைக்க வேண்டும்’ என்று சொல்லாமல், ‘வைக்கும்படி ஆணையிடலாம்’ என்று சொன்னது. நீதிமன்றம் ஏறி வந்த ஒப்பந்தங்களை மட்டும் கண்டது. ஒரு நாள் கூலிக்கும் ஒரு வாரக் கூலிக்கும் நடித்த பிள்ளைகளைக் காணவில்லை. ஷெர்லி டெம்பிளின் கதையைப் பாருங்கள். 1930-களில் அமெரிக்காவின் கண்மணி எனப் போற்றப்பட்ட அச்சிறுமி, வயது வந்தபின் கணக்குப் பார்த்தார். ஈட்டியது 30 இலட்சம் டாலருக்கு மேல். எஞ்சியது ஏறத்தாழ 44,000 டாலர். 1988-இல் தாமெழுதிய வரலாற்றில் அவரே இதனை வெளியிட்டார். சட்டம் ஏட்டில் இருந்தது. பணம் வீட்டில் இல்லை. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த திருத்தம்தான் அடிப்படையை மாற்றிற்று. குழந்தை ஈட்டியது குழந்தையின் உடைமையே என்று அது தெளிவாகக் கூறியது. மொத்த ஊதியத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைக் காப்புக் கணக்கில் போட்டே தீரவேண்டும் என்றது. அப்போது கூகன் இறந்து ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

இவற்றுக்கிடையே கூகன் வாழ்ந்த வாழ்க்கையையும் சொல்லவேண்டும். அவனைக் கண்ணீர்ப் பொம்மையாக நிறுத்திவிட்டுப் போவது இன்னோர் அநீதி. 1941 மார்ச்சில், அமெரிக்கா போரில் இறங்குமுன்பே, படையில் சேர்ந்தான். எஞ்சின் இல்லாத கிளைடர் வானூர்தி ஓட்டப் பயின்றான். 1944-ஆம் ஆண்டு மார்ச் திங்கள், ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவின் காட்டுக்குள், அவர்கள் படைவரிசைக்கு நூறு மைல் பின்னே, அசாமிலிருந்து இரவோடிரவாக நேச நாட்டுப் படையினரைக் கொண்டு இறக்கிய வானூர்திகளில் அவன் ஓட்டியதும் ஒன்று. வண்டியில் கதறிய சிறுவன், இருட்டில் காட்டுக்குள் இறங்கினான். உடன் வந்தவர் உயிர் அவன் கையில் இருந்தது.

போருக்குப்பின் சிறு வேடங்கள், தொலைக்காட்சி வேடங்கள். 1964 முதல் 1966 வரை ‘தி ஆடம்ஸ் ஃபேமிலி’ என்னும் தொடரில் மொட்டைத் தலையோடு ஃபெஸ்டர் மாமாவாக வந்தார். வாயில் வைத்த மின்விளக்கு எரியும்! வீடுதோறும் குழந்தைகள் சிரித்தனர். அழகிய முடிக்காக உலகம் கொண்டாடிய பிள்ளை, முடியே இல்லாத கிழவனாக மறுமுறை புகழ்பெற்றார். தம் முதற் புகழின் எச்சத்தை விற்றுப் பிழைக்காமல், அதற்கு நேர்மாறான ஒன்றைப் படைத்துக் காட்டினார். அவர் திறமை வெறும் மழலையழகு என்று எண்ணியவர்க்கு அதுவே தக்க விடை. 1972-இல் சாப்ளின் நீண்ட இடைவெளிக்குப்பின் அமெரிக்கா வந்தபோது இருவரும் மீண்டும் சந்தித்தனர். 1984-ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் கூகன் மறைந்தார். வயது 69.

மீண்டும் படத்துக்கு வருவோம். ‘தி கிட்’ குறையற்ற படைப்பா? அன்று. நாடோடி காணும் தேவலோகக் கனவு, கதையின் வேகத்தைத் தடுக்கிறது. முடிவும் நமக்கு முழு நிறைவு தரவில்லை. வளர்த்தவனே தந்தை என்று படம் முழுவதும் நெஞ்சைத் தொட்டு வாதாடிய சாப்ளின், கடைசியில் பெற்றவளின் மாளிகைக் கதவருகே கதையை நிறுத்துகிறார். அவள் இப்போது புகழ்பெற்ற நடிகை, செல்வச் சீமாட்டி. நாடோடியும் உள்ளே அழைக்கப்படுகிறான், கதவு மூடுகிறது. அதன்பின்? அவனுக்கு அந்த வீட்டில் இடம் என்ன, உரிமை என்ன? படம் சொல்லவில்லை. அருள்கூர்ந்து அழைத்தால் வரலாம் என்ற அளவில் நிற்கிறது. அருளுக்கும் உரிமைக்கும் உள்ள தொலைவுதான் கூகன் வாழ்க்கையின் சோகம் முழுவதும். வீட்டார் அருளியது வாரம் ஆறேகால் டாலர். உரிமை என்று கேட்டபோது மூடிற்று கதவு.

எனினும் அப்படம் பெரிய படமே. ஒரு பிள்ளை யாருக்கு உரியது என்ற கேள்வியை அதிகாரியின் முன்னும், மருத்துவரின் முன்னும், பெற்றவளின் முன்னும் அது வைக்கிறது. பிள்ளை தனக்கே உரியவன் என்ற நான்காவது விடையை மட்டும் அதனால் எட்ட முடியவில்லை. அதனை எட்ட, திரையில் நடித்தவனே வளர்ந்து வழக்கு மன்றம் ஏற வேண்டியிருந்தது.

கதை அமெரிக்காவோடு முடிந்ததா? இல்லை. நம் நாட்டிலும் 2016-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் திருத்தப்பட்டபோது, திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் நடிக்கும் குழந்தைகளுக்கு விலக்குத் தரப்பட்டது. விலக்கோடு விதிகளும் 2017-இல் வந்தன. ஒரு நாளைக்கு ஐந்து மணிக்கு மேல் வேலை கூடாது. மூன்று மணிக்கு மேல் ஓய்வின்றி நிறுத்தக் கூடாது. வருமானத்தில் நூற்றுக்கு இருபது பங்கேனும் தேசிய வங்கியில் குழந்தையின் பெயரால் வைப்பாக இடப்படவேண்டும். நல்ல விதிகள். மீதி எண்பது பங்குக்குக் கணக்குக் கேட்பவர் யார் என்ற கேள்வி எழத்தான் செய்கிறது. அமெரிக்காவிலோ, வீட்டுக்குள்ளேயே படமெடுத்து இணையத்தில் ஏற்றிப் பொருளீட்டும் பெற்றோர் பெருகியபின், அந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு ஒதுக்கும் சட்டம் இல்லினாய் மாநிலத்தில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு கலிபோர்னியாவும் கூகன் சட்டத்தை அவர்கள் வரை நீட்டியது. கருவி சுருங்கிக் கைக்குள் வந்துவிட்டது. கொட்டகை கூடத்துக்கே வந்துவிட்டது. குழந்தை விளையாடத்தானே செய்கிறது என்ற பழைய வாதமும் கூடவே வந்திருக்கிறது.

ஆகவே வாசகர்க்கு ஒன்று சொல்வோம். ‘தி கிட்’ படத்தைக் காணுங்கள், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். சன்னல் உடையும்போது சிரியுங்கள். வண்டியில் நின்று சிறுவன் கை நீட்டும்போது கண் கலங்கினால் கலங்கட்டும். அந்தக் கண்ணீருக்கு அவன் உழைத்திருக்கிறான். பிறகு, அடுத்த முறை திரையிலோ தொலைக்காட்சியிலோ கைபேசியிலோ ஒரு மழலை முகம் நம்மை மயக்கும்போது, எத்தனை அழகு என்று வியந்ததோடு நில்லாமல், இந்தப் பிள்ளை இன்று எத்தனை மணி நேரம் நின்றது, பள்ளிக்குச் சென்றதா, அதன் கூலி யார் பெயரில் இருக்கிறது என்று கேட்போம். சுவைப்பவர் கேட்கத் தொடங்கினால், விற்பவர் விடை சொல்லியே ஆகவேண்டும்.